கல்லின் பெயரைச் சொல்லும் ஒளி

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை, நடராசர் திருவுருவின் தத்துவத்தை உலகுக்கு எடுத்துரைத்தவராகவே நாம் நினைவுகூருகின்றோம். 1903 முதல் 1906 வரை அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் முதற் பணிப்பாளராக மலைகளிற் கல் தட்டித் திரிந்தார் என்பதைப் பலரும் மறந்துவிட்டனர்.

1904இல் பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த பாரமான கருங்கனியம் ஒன்றை யுரேனினைற்று என்றே அவர் முதலிற் கருதினார். மாதிரி இலண்டன் சென்றது. அங்கு விண்டம் டன்ஸ்ரன் அதைப் பகுப்பாய்ந்து, தோரியம் மிகுந்த புதிய கனியம் என நிறுவினார். அதுவே தோரியனைற்று.

பெயரைப் பிழையாக அச்சிட்டால் மறுநாள் திருத்தம் போடுவது எங்கள் பத்திரிகை வழக்கம். கற்களின் உலகில் அத்திருத்தம் எளிதில் வருவதில்லை. நம் நாட்டுக் கபில நிற இரத்தினம் ஒன்று நெடுங்காலம் பெரிடொட் என்றே விற்கப்பட்டது. 1952இல்தான் எக்ஸ் கதிர் ஆய்வு அதனைத் தனிக் கனியமாக இனங்காட்டியது. தீவின் பழம்பெயரால் அது சிங்களைற்று எனப்பட்டது. நிறமாலைகாட்டியிலும் வேறுபாடு தெரிகின்றது: பெரிடொட்டில் இல்லாத உறிஞ்சற் கோடொன்று 463 நானோமீற்றர் அளவில் இதில் உண்டு.

கற்கள் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சி எஞ்சியதைத் தெறிக்கின்றன. எந்த அலைநீளம் குறைந்தது என்பதே அக்கனியத்தின் கைரேகை. கிரகாம் ஹன்ற், ஜோன் சலிஸ்பரி ஆகியோர் 1970களிற் கனியங்களின் நிறமாலைகளை வரிசையாக வெளியிட்டனர். 1976இல் உருமாறிய பாறைகளையும் அவ்வரிசையிற் சேர்த்தனர்.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் உருமாறிய பாறையே. அதன் சலவைக்கற்களிற் கல்சைற்றும் தொலமைற்றும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். முன்னையது 2340, பின்னையது 2320 நானோமீற்றர் அளவில் ஒளியை உறிஞ்சும். தேயிலைத் தோட்டத்து மண்ணுக்கு மக்னீசியம் தருவது தொலமைற்று. கல்சைற்று அந்த வேலையைச் செய்யாது.

ஆயினும் இம்முறைக்கும் எல்லை உண்டு. குவாட்சும் பெல்சுபாரும் இவ்வலைநீளங்களிற் பெரும்பாலும் மௌனம் சாதிக்கும். நம் மலைப்பாறைகளில் விரவிக் கிடக்கும் காரீயம் ஒளியை விழுங்கி, அயற்கனியங்களின் அடையாளத்தையும் மறைத்துவிடும். ஆகவே நுணுக்குக்காட்டியும் எக்ஸ் கதிரும் இன்றும் வேண்டப்படுகின்றன.

குமாரசுவாமி காலத்தில் நம் கல்லின் பெயரை அறிய இலண்டன் செல்ல வேண்டியிருந்தது. இன்று அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் நிறமாலைத் தொகுப்பை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். ஒப்பிட்டுப் பார்க்கும் ஏடு கைக்கு வந்துவிட்டது. குமாரசுவாமி நடந்த மலைகளிற் கல்லெடுத்து அவ்வேட்டோடு ஒப்புநோக்க நம் இளையோர் முன்வருவார்களாயின், அவர் பாதியில் விட்டுச்சென்ற பணி தொடரும் என நம்புகின்றேன்.