ஏலத்தில் அடிவிலையும் வீட்டுக் கேள்வியும்: ஆரணியிலிருந்து ஒரு பார்வை

அடகு வைத்த நகையை மீட்க முடியாமல் போனால் 'நகை மூழ்கிப்போச்சு' என்பது ஆரணிப் பேச்சு. பாவு கிடைக்காமல் தறி நிற்கும் மாதங்களில் நெசவாளர் வீட்டுத் தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகின்றன. மூழ்கிய நகை ஏலத்துக்கு வருகிறது. 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்பதற்குள் இரண்டு விஷயங்கள் முடிவாகின்றன: எந்த விலைக்குக் கீழே விட மாட்டார்கள், கேட்பவர்களுக்கு நடுவே ஏலம் விடுபவரின் ஆள் இருக்கிறாரா இல்லையா. பழைய நாணயம், ஓவியம், அஞ்சல்தலை ஏலங்களிலும் தகராறுக்கு வேர் இவைதாம்.

இந்தத் தகராறு முதலில் தெளிவாக நீதிமன்றம் ஏறியது 1776இல், லண்டனில், ஒரு குதிரைக்காக. பெக்ஸ்வெல் என்பவர் தன் குதிரையைக் கிறிஸ்டி என்ற ஏலக்காரரிடம் விற்கக் கொடுத்து, இன்ன தொகைக்குக் கீழே விடக்கூடாது என்று தனியாகச் சொல்லியிருந்தார். ஏலக்காரர் அதற்கும் குறைவாகக் கேட்டவருக்கே விட்டுவிட்டார். பெக்ஸ்வெல் தொடுத்த வழக்கு தோற்றது. குறைந்த விலை வேண்டுமென்றால் அதைப் பகிரங்கமாக வைத்திருக்கலாம்; விலை ஏற்ற ரகசியமாக ஆள் வைத்துக் கேட்பது மோசடி என்றார் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட். ஆனால் நிலம் அடிமாட்டு விலைக்குப் போகாமலிருக்க ஒரே ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளலாம் என்று 'ஈக்விட்டி' எனப்படும் சமநீதி நீதிமன்றங்கள் விட்டுக்கொடுத்தன. நில ஏலத்தில் இந்த முரண்பாட்டை 1867ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்தது.

இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 123ஆவது பிரிவு, பொய்க் கேள்வியால் விலை ஏற்றப்பட்டிருந்தால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்துசெய்யலாம் என்றது. இங்கிலாந்தின் சரக்கு விற்பனைச் சட்டம் வந்தது 1893இல்தான். சரக்கு ஏலத்தில் இந்தியச் சட்டம் இப்படி முந்திக்கொண்டதை நம் சட்ட வரலாற்றில் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆவது பிரிவு அந்த விதியை விரித்தது. அடிவிலை உண்டு என்று அறிவிக்கலாம். விற்பவர் தாமே கேட்கும் உரிமையையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும், அவர் சார்பில் ஒருவர் மட்டுமே கேட்கலாம்.

இன்றைய பெரிய ஏல நிறுவனங்கள் நிற்பது இந்த 'முன்கூட்டியே சொல்லுதல்' மீதுதான். ஓர் ஓவியத்தின் அடிவிலை 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது கூடத்தில் யாருக்கும் தெரியாது. ஒருவர் 30,000 கேட்கிறார். ஏலக்காரர் கூரையைப் பார்த்தபடி 35,000 என்கிறார். இவர் 40,000. ஏலக்காரர் 45,000. இவர் 50,000க்கு வந்தால் பொருள் இவருக்கு. 40,000த்தோடு நின்றுவிட்டால் பொருள் உடையவரிடமே திரும்புகிறது. கூடத்தில் உண்மையில் கேட்டவர் ஒருவர்தான். மறுகேள்வி வீட்டுக் கேள்வி. சரவிளக்கைப் பார்த்துச் சொல்வதால் மேலைநாட்டில் அதற்குச் 'சரவிளக்குக் கேள்வி' என்று பெயர். விதிகளில் அறிவித்திருந்தால், அடிவிலை வரை இது செல்லும். அடிவிலையைத் தாண்டியும் தொடர்ந்தால் அது 1776இல் கண்டித்த அதே மோசடி.

திரும்பிய பொருளை மறைப்பதும் நடந்திருக்கிறது. 1981இல் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்துக்கு வைத்த 8 ஓவியங்களில் ஒன்றுதான் விற்றது. மூன்று விற்றதாக அறிவித்தார் அதன் தலைவர் டேவிட் பாதர்ஸ்ட். 1985இல் உண்மை வெளிவந்து பதவி விலகினார்.

மூழ்கிய நகையில் இந்தக் கணக்கு தலைகீழ். ஓவிய ஏலத்தில் வீட்டுக் கேள்வி விலையை ஏற்றி வாங்குபவரை நோகச்செய்யும். அடகு ஏலத்தில் கடன் கொடுத்தவரே குறைந்த விலைக்குக் கேட்டு எடுத்தால், நோவது நகைக்குச் சொந்தக்காரர். ஆகவே கடன் கொடுத்த நிறுவனமே ஏலத்தில் கலந்துகொள்ள ரிசர்வ் வங்கி தடைவிதித்தது. 2013இல், வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் முந்தைய 30 நாள் சராசரித் தங்க விலையில் 85 சதவீதத்துக்குக் குறையாமல் அடிவிலை அறிவிக்க வேண்டும் என்றது. 2025ஆம் ஆண்டு நெறிமுறைகள் அதை 90 சதவீதமாக்கின; இரண்டு ஏலம் தோற்றால் மட்டும் 85. கடன்போக மிஞ்சும் பணம் நகைக்காரருக்குச் சேரவேண்டும்.

தங்கத்துக்கு இந்த வேலி சாத்தியம், ஏனென்றால் அதற்கு அன்றாட விலை உண்டு. பட்டுப்புடவைக்கு அது இல்லை. 'பழைய பட்டு, பழைய ஜரிகை' என்று தெருவில் கூவி வருபவர் முந்தானையை விரல்களுக்கிடையே தேய்க்கிறார், ஜரிகையைச் சுரண்டுகிறார். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தால் வெள்ளி ஜரிகை என்று எடை போடுகிறார். உருக்கினால் கிடைக்கும் வெள்ளிதான் அங்கே அடிவிலை. புட்டா, கோர்வை, நாள்கணக்கில் தறியில் குனிந்த முதுகு எதுவும் தராசில் ஏறுவதில்லை. நூறாண்டைத் தாண்டிய கைவினைப் பொருளை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நாட்டைவிட்டு வெளியேற விடாது. ஆனால் பழைய புடவை உலையில் போகாமல் காக்க, வீட்டுப் பெட்டியைத் திறக்கும் மனிதர் அதன் வயதை அறிந்திருக்க வேண்டும். ஆரணியில் விற்கும் முன் புடவைக்கு ஓர் அடிவிலையை எழுதிவைக்க, அதை நெய்தது எந்தத் தறி என்று விசாரிப்பது முதல் வேலை.