இராயக்கோட்டைக் குன்றும் இரண்டு படச்சுருள்களும்

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். ஒளிப்படத்தை அவ்வரிசையில் வைத்து ஆராயும் வழக்கம் தமிழ்த் துறைகளில் இன்னும் வேரூன்றவில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தினராகிய நமக்கு இது ஒரு குறையே. தமிழகத்தின் பழைய ஒளிப்படத் தொகுதிகளுள் ஒன்று நம் இராயக்கோட்டையின் பெயரையே தாங்கியுள்ளது.

1791இல் மூன்றாம் மைசூர்ப் போரில் இக்கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. மறு ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைவழிப் பாராமகால் கும்பினியாருக்கு உரியதாயிற்று. அவ்வாண்டிலேயே தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் இங்கு வந்து குன்றுகளை வரைந்தனர். ஓவியனின் கை செய்ததை ஒளியே செய்யும் காலம் பின்னர் வந்தது. சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்ற கேப்டன் லினேயஸ் டிரைப், 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து தெற்கே புறப்பட்டார். இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் அவரது தொகுதி 1858இல் வெளிவந்தது. (அன்று நம் பகுதி சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது; தருமபுரி 1965இலும் கிருஷ்ணகிரி 2004இலும் தனி மாவட்டங்களாயின.) செலவு மிகுதி எனக் கருதிய ஆளுநர் டிரெவெல்யன் 1859இல் அப்பணியை நிறுத்திவிட்டார்.

டிரைப் இப்பயணத்தில் பெரிதும் கையாண்டது மெழுகூட்டிய தாள். கண்ணாடித் தகட்டில் ஈரக் கொலோடியன் பூசினால், அது உலருமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். நம் வெயிலில் அதற்குக் கிடைப்பது சில நிமிடங்களே. தாளையோ முன்னரே பதப்படுத்தி வண்டியில் ஏற்றிச் செல்லலாம். ஆயின் அத்தாள் நீல ஒளியையே மிகுதியாக உணரும். எனவே பசுமை கறுத்துவிடும். வானம் வெறும் வெண்மையாகிவிடும். டிரைப் தம் எதிர்ப்படிவத்தின்மீது தூரிகையால் முகில்களைத் தீட்டிய இடங்கள் உண்டு. அம்முகிலை நம்பி அன்றைய வானிலையை எழுதப் புகுவது, ஏடெழுதியவன் இடைச்செருகலை மூலபாடம் என்று கொள்வதை ஒக்கும்.

இதனை நூலால் அன்றி அனுபவத்தாலேயே உணர்ந்தேன். சென்ற தைத் திங்களில் மாணவியர் சிலருடன் அக்குன்றின்மீது ஏறினேன். என் தந்தையாரின் அக்ஃபா கிளிக் த்ரீ உடன் வந்தது. சதுரப் படம் பன்னிரண்டு எடுக்கும் எளிய பெட்டி. அவர் பெட்டியில் எஞ்சியிருந்த 'இந்து' சுருளை முதலில் இட்டோம். உதகையில் 1960இல் நிறுவப்பெற்று இன்று மூடப்பட்டுவிட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ஆக்கம் அது. கெடு முடிந்து பல்லாண்டுகள் ஆனது. அடுத்து, புதிய இல்ஃபோர்டு எச்.பி.5 சுருள். சுருளை நகர்த்த மறந்து ஒரே கட்டத்தில் இருமுறை அழுத்தியதும் நானே. இக்கருவி அதனைத் தடுக்காது!

கழுவி வந்தபோது புதிய சுருளில் அடிவாரத்து வீடுகள், சாலை, தக்காளி ஏற்றிய வண்டிகள் அனைத்தும் துலங்கின. பழைய சுருளில் மூட்டம் படர்ந்து ஊரே மறைந்து பாறையின் கோடு மட்டும் நின்றது. "இதுதான் அம்மா அந்தக் காலத்துப் படம் மாதிரி இருக்கிறது" என்றாள் ஒரு மாணவி. எனக்குத் திடுக்கிட்டது. சில நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டில் ஒன்று, தேதி குறிக்கப்படாவிடின், ஒரு நூற்றாண்டு பின்னே தள்ளப்பட்டுவிடுமே! மங்கல் என்பது பழமையின் அடையாளமன்று. கெட்டுப்போன வெள்ளி உப்பின் அடையாளம்.

அன்று முதல் ஒவ்வொரு படத்தின் பின்புறமும் சுருளின் பெயர், வேகம், நாள், நேரம், நின்ற இடம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வருகிறோம். நம் மாவட்டத்தில் கருங்கல்லுக்காக வெட்டப்படும் குன்றுகள் பல. அடுத்த சுருள் அவற்றுக்கென எடுத்துவைக்கப்பட்டுள்ளது.