பதிமூன்றாம் மாடியில் ஜெனரேட்டர்... பாதாளத்தில் பம்பு!

ஜெனரேட்டர் நின்றுபோனால் எல்லோரும் முதலில் இஞ்சினைத்தான் சந்தேகப்படுவார்கள். விவரம் தெரிந்த மெக்கானிக் மட்டும் "டீசல் வருதா?" என்று கேட்பார். 2012 அக்டோபர் 29 ராத்திரி நியூயார்க்கில் நடந்த கூத்துக்கு அந்த ஒரு கேள்விதான் ஆரம்பமும் முடிவும்.

அன்று சாண்டி புயல் கரை ஏறியது. மன்ஹாட்டனின் தென்முனையில் கடல் சுமார் 14 அடி உயரத்துக்கு எழும்பியது. 1960ல் டோனா புயல் வந்தபோது பதிவான பழைய சாதனையே 10 அடி சொச்சம்தான். இரவு எட்டரை மணிவாக்கில் கிழக்கு ஆற்றோரம் இருந்த கான் எடிசன் துணை மின்நிலையம் வெடித்தது. தெற்கு மன்ஹாட்டன் முழுக்க கும்மிருட்டு.

அந்த ஆற்றோரத்தில்தான் இரண்டு பெரிய மருத்துவமனைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்று என்.ஒய்.யூ. லாங்கோன். இன்னொன்று பெல்வியூ. இது 1736ல் தொடங்கியது, அமெரிக்காவின் மிகப் பழைய அரசு மருத்துவமனை என்று பெயர். ஜெனரேட்டர்கள் இல்லாமலா இருப்பார்கள்? இருந்தன. பெல்வியூவில் அவை 13வது மாடியில், எந்த வெள்ளமும் எட்டாத உயரத்தில் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றுக்கு டீசல் ஏற்றும் மின்சார பம்புகள்? அடித்தளத்தில்!

இது புரிய வீட்டு சம்ப்பையும் மாடித் தொட்டியையும் நினைத்துக்கொண்டால் போதும். கீழே பெரிய டீசல் டேங்க். மேலே இஞ்சினுக்குப் பக்கத்தில் சில மணி நேரத்துக்கு மட்டும் தாங்கும் சின்ன டேங்க், இதை 'டே டேங்க்' என்பார்கள். அதில் மட்டம் குறைந்ததும் மிதவை சுவிட்ச் பம்பைத் தட்டிவிடும், நிரம்பியதும் நிறுத்திவிடும். யாரும் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. தண்ணி மோட்டார் எரியும்வரை அதை யாராவது நினைத்துப் பார்த்ததுண்டா, அந்த மாதிரி.

சரி, பம்பையும் மேலேயே வைத்தால் என்ன? முடியாது. உறிஞ்சுவது என்பது உண்மையில் காற்றழுத்தம் கீழிருந்து தள்ளுவதுதான். தண்ணீரை அப்படி 10 மீட்டருக்கு மேல் கொண்டுவர முடியாது. டீசல் கொஞ்சம் லேசு, கணக்குப்படி 12 மீட்டர் வரலாம், நடைமுறையில் அதில் பாதி வந்தாலே பெரிது. 13 மாடிக்கு வேண்டுமானால் கீழிருந்துதான் தள்ளியாக வேண்டும். அப்படியானால் டேங்கையே மேலே கொண்டுபோகலாமே என்றால், அங்கே தீயணைப்பு விதிகள் நிற்கும். உயரமான கட்டடத்தின் மாடிகளில் ஆயிரக்கணக்கான லிட்டர் டீசலை வைக்க எந்த ஊர் அதிகாரியும் சுலபமாகத் தலையாட்ட மாட்டார். தீக்குப் பயந்து டீசலைக் கீழே இறக்கினார்கள், வெள்ளத்துக்குப் பயந்து ஜெனரேட்டரை மேலே ஏற்றினார்கள். இரண்டும் நியாயம்தான். நடுவில் மாட்டிக்கொண்டது பம்பு.

இத்தனைக்கும் 2001 ஜூனிலேயே ஹூஸ்டனில் ஆலிசன் புயல் மெமோரியல் ஹெர்மன் மருத்துவமனையின் அடித்தள மின்சாதனங்களை மூழ்கடித்து, நோயாளிகளை எல்லாம் வெளியேற்ற வைத்திருந்தது. பாடம் பாதிதான் படிக்கப்பட்டது போலும்.

லாங்கோனில் அன்று இரவே மின்சாரம் போய், 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அவர்களில் 20 பச்சிளங்குழந்தைகள்! லிப்ட் கிடையாது. செவிலியர்கள் குழந்தைகளை மார்போடு அணைத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒன்பது மாடி இறங்கினார்கள்.

பெல்வியூவில் 700க்கும் மேல் நோயாளிகள். பம்பு மூழ்கிவிட்டது, மேலே டே டேங்க் காலியாகிக்கொண்டிருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களிடம், ஆறு பிளக் பாயிண்டுகளுக்கு மட்டும்தான் மின்சாரம் உறுதி என்று சொல்லப்பட்டது. அங்கே இருந்த நோயாளிகளோ சுமார் ஐம்பது பேர். யாருக்கு அந்த ஆறு? மருத்துவர்கள் உட்கார்ந்து பட்டியல் போட வேண்டிய நிலை. ஒரு பம்பு நின்றதற்கு இவ்வளவு பெரிய கேள்வி!

அந்தப் பட்டியலுக்கு வேலை வராமல் காப்பாற்றியது மனிதச் சங்கிலி. ஊழியர்களும் தேசியக் காவல் படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று, 5 கேலன் கேன்களைக் கைமாற்றிக் கைமாற்றி 13 மாடி ஏற்றினார்கள். ஒரு கேன் சுமார் 19 லிட்டர், கிட்டத்தட்ட 16 கிலோ. 1000 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்று முழு லோடில் மணிக்கு 250 லிட்டருக்கு மேல் குடிக்கும். அதாவது மணிக்கு 13, 14 கேன். இருட்டுப் படிக்கட்டில், டீசல் சிந்தி வழுக்க வழுக்க, விடிய விடிய. ஆனாலும் கடைசியில் பெல்வியூவையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. 276 வருடத்தில் அதுவே முதல் முறை.

டேங்க் வறண்டுவிடக் கூடாது என்று ஏன் அப்படிப் பறந்தார்கள்? டீசல் இஞ்சினுக்கு இது பெரிய தலைவலி. ஒருமுறை வறண்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினால் மட்டும் கிளம்பாது. பில்டரிலும் இன்ஜெக்ஷன் பம்பிலும் உள்ள திருகைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். மின்சார பம்பு கோளாறுக்கும் மெக்கானிக்குகள் இதே மாதிரி படிப்படியாகத்தான் போவார்கள். பம்பு முனையில் வோல்டேஜ் வருகிறதா? வரவில்லை என்றால் பியூஸ், ரிலே, மிதவை சுவிட்ச். வோல்டேஜ் வந்தும் சுற்றவில்லை என்றால் மோட்டார். சுற்றியும் டீசல் வரவில்லை என்றால் அடைத்த பில்டர், அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. உப்புத் தண்ணீர் புகுந்த பம்புக்கு இந்தக் கேள்வி எதுவும் பிரயோஜனமில்லை. நீரை இறைக்காமல் பக்கத்திலேயே போக முடியாதே!

அதே வாரம் 75 பிராட் ஸ்ட்ரீட்டிலும் இதே கதை. அது 1920களில் எழுந்த பழைய டெலிபோன் கம்பெனி கட்டடம். அங்கே இயங்கிய பியர் 1 டேட்டா சென்டருக்காக, அந்த நிறுவனத்தினரும் ஸ்குவேர்ஸ்பேஸ், பாக் கிரீக் ஆட்களும் 17 மாடிக்கு டீசல் சுமந்தார்கள். வெப்சைட் விழாமல் இருக்க வாளி தூக்கிய முதல் தலைமுறை இவர்களாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம். மருத்துவமனை ஜெனரேட்டர்களை மாதாமாதம் அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது அமெரிக்காவில் விதி. அந்த அரை மணிக்கு மேலே டே டேங்கில் இருக்கும் டீசலே தாராளம். கீழே பம்பு எங்கே, எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அந்தச் சோதனை கேட்கவே கேட்காது. பாஸ் மார்க் வாங்கிக்கொண்டே இருக்கும்.

இனி பணக் கணக்கு. 2014ல் அமெரிக்கப் பேரிடர் நிறுவனமான பீமா, லாங்கோனுக்கு மட்டும் 113 கோடி டாலர் ஒதுக்கியது. பெல்வியூ உள்ளிட்ட நான்கு அரசு மருத்துவமனைகளுக்கு 160 கோடி டாலர். எல்லாம் பம்புக்காக அல்ல, வெள்ளம் தின்ற கருவிகள், ஆய்வுக்கூடங்கள், இனி வரப்போகும் தடுப்புச் சுவர்கள் எல்லாம் சேர்த்து. பெல்வியூ 2013 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திறந்தது. அந்த வருடம் ஜூனில் நகரம் அமைத்த குழு 33 பரிந்துரைகளைக் கொடுத்தது. லாரியில் வரும் தற்காலிக ஜெனரேட்டரை வெளியிலிருந்தே மாட்டிக்கொள்ள கட்டடங்களில் இணைப்பு வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று.