பானையும் பெட்டியும்

மின்னி பேயில் வாழும் நமக்கு ஊர்ப் பேச்சும் பாட்டும் ஒலிபெருக்கி வழியாகவே வந்து சேர்கின்றன.

1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார். அந்நாளில் பலரும் காதில் கருவி பொருத்தியே வானொலி கேட்டனர். 1925-இல் அமெரிக்கரான ரைசும் கெல்லாக்கும், காந்தத்தினிடையே அசையும் கம்பிச்சுருளால் காகிதக் கூம்பை இயக்கிக் காட்டினர். இன்றைய ஒலிபெருக்கி அதன் வழித்தோன்றலே.

கூம்பு முன்னே காற்றைத் தள்ளுங்கால் பின்னே இழுக்கிறது. இரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலிகள் தேயும். மிருதங்கத்தின் தொப்பி ஊமையாகும். ஆகவே இடையில் தடுப்பு வேண்டும். நம் ஊர்களில் மண்பானை வாயில் ஒலிபெருக்கியைப் பொருத்தி இக்குறையைத் தீர்த்தனர். காற்றடைத்த சிறு பெட்டியே போதும் என்பதை 1954-இல் வில்ச்சர் நிறுவினார்.

1883 முதல் சாத்தம் ஆலையில் மரம் அறுபடும் தீவு இது. படாக் பலகையால் நாமும் இரு பெட்டிகள் செய்தோம். அறை மூலையில் வைத்தபோது தாழ்ந்த ஒலி பெருகிச் சொற்களை விழுங்கிற்று. சுவரினின்று இரண்டடி விலக்கி, அமர்ந்தோர் செவிமட்டத்துக்கு முக்காலியில் உயர்த்தினோம். செய்தி வாசிப்பவரின் ழகரமும் ளகரமும் தனித்தனியே கேட்டன. ஊரைப் பிரிந்து வளரும் நம் குழந்தைகள் அவ்வேறுபாட்டைச் செவியாலன்றி வேறெவ்வாறு கற்பர்?