கை சைக்கிளும் மோட்டாரும்



வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கு ஒரு மாணவன் கை சைக்கிளில் வருவான். ஒரு கை சுற்றும்; மறு கை திருப்பும். "இவனைப் பார்த்துத் தன்னம்பிக்கை கற்றுக்கொள்ளுங்கள்" என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் வீட்டுக்கு வந்தான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வலது தோளைத் தூக்க முடியவில்லை. "மோட்டார் வண்டி வாங்கலாமா சார்? சோம்பேறி ஆயிடுவேன்னு வீட்டுல சொல்றாங்க" என்றான்.

அவனுக்குச் சொன்ன வரலாறு இது. 1655-இல் ஜெர்மனியில் ஸ்டீபன் ஃபார்ஃப்லர் என்ற கடிகாரத் தொழிலாளி, நடக்க முடியாதவர், கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியைத் தனக்காகவே செய்துகொண்டார். நம் நாட்டில் 1972-இல் தொடங்கப்பட்ட கான்பூர் அலிம்கோ நிறுவனம் கை சைக்கிள்களைச் செய்து கொடுத்தது. 2021-இல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழுவினரின் 'நியோபோல்ட்' வந்தது. அவர்களுடைய சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டினால் மின்சார மூன்று சக்கர வண்டி. மணிக்கு 25 கி.மீ. வரை ஓடும். கழற்றினால் மறுபடி நாற்காலி.

கால் உதவாதவருக்குக் கட்டிலிலிருந்து இறங்கவும் தோள்தான் வேண்டும். அதைச் சாலையிலேயே தேய்த்துவிடலாமா? தோளில் தெம்பு உள்ளவருக்கு, சுற்றும்போது துணைக்குத் தள்ளும் மோட்டார் போதும். தேய்ந்தவருக்கு முழு மோட்டார்தான். எதையும் ஓட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

அன்று கேட்காததை இப்போது கேட்டேன்: "எப்போதிலிருந்துடா வலி?"

"ஒன்பதாம் வகுப்புலயே சார்."