வளைந்து நிற்கும் பெயர்கள்

எழுத்தின் வரலாறு என்றதும் நாம் கல்லையும் ஓலையையும் அச்சையும் நினைக்கிறோம், துணியை நினைப்பதில்லை. ஆயினும் சென்ற நூற்றாண்டில் பல்லாயிரம் கண்கள் ஒரே நேரத்தில் படித்த எழுத்துகளுள் விளையாட்டு வீரர்களின் மார்பிலும் முதுகிலும் தைக்கப்பட்டவையும் உண்டு. அமெரிக்கப் பேஸ்பால் சட்டைகளில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வில்லைப் போல் வளைந்து நிற்பதை நாம் படங்களில் கண்டிருப்போம். அந்த வளைவின் பின்னே ஒரு கைத்தொழிலின் கதை இருக்கிறது. யாருடைய பெயர் சட்டையில் ஏறலாம் என்ற நெடிய வழக்கின் கதையும் இருக்கிறது.

தொடக்கத்தில் பெயருக்கே இடமில்லை. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கழகத்தார் 1849இல் சீருடையாக ஏற்றுக்கொண்டவை வெள்ளை ஃபிளானல் சட்டை, நீலக் கம்பளிக் காற்சட்டை, வைக்கோல் தொப்பி ஆகியவை. இருபது ஆண்டுகள் கழித்து, 1869இல், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணியாகச் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் களமிறங்கியது. சிவப்புக் காலுறையே அணியின் பெயராயிற்று. மார்பில் பழைய ஆங்கில எழுத்து வடிவில் 'சி' என்ற ஒற்றை எழுத்து. அந்த ஒற்றை எழுத்தே காலப்போக்கில் முழு ஊர்ப் பெயராக விரிந்தது. சொந்தக் களத்தில் ஆடும்போது அணிப் பெயரையும், வெளியூர் செல்லும்போது ஊர்ப் பெயரையும் அணிவது பல அணிகளுக்கு வழக்கமாயிற்று. வெளியூரில் 'நாங்கள் இன்ன ஊரார்' என்று சொல்லவேண்டிய தேவை இருக்கிறதல்லவா?

எழுத்து ஏன் வளைந்தது? மனித மார்பு தட்டையான பலகையன்று என்பதே நமக்குத் தோன்றும் விடை. தோளுக்குத் தோள் நேர்க்கோட்டில் எழுதினால், உடலின் சரிவில் அந்த வரி நடுவில் தொய்ந்தது போல் தோற்றமளிக்கும். கழுத்துப்பட்டியின் வட்டம் மேலே இருக்க, கீழே நேர்க்கோடு அதனோடு ஒட்டாமல் நிற்கும். எழுத்து வரிசையைச் சற்றே மேல்நோக்கி வளைத்தால் தோளின் அகலமும் மார்பின் எடுப்பும் கண்ணுக்குக் கூடிவிடுகின்றன. பேஸ்பால் சட்டைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நடுவில் பொத்தான் பட்டி ஓடுவதால், அங்கே விழும் எழுத்தை இரண்டாக வெட்டி இருபுறமும் தைக்க வேண்டும். பொத்தானை மாட்டும்போது இரு பாதியும் பொருந்தவேண்டும்.

வளைத்து எழுதுவதில் இரண்டு முறைகள் உண்டு. நம் வசதிக்காக அவற்றை விசிறி வளைவு என்றும் தூண் வளைவு என்றும் அழைப்போம். விசிறி வளைவில் எழுத்தின் வடிவம் மாறுவதில்லை. சாதாரண எழுத்துகளை வட்டத்தின் விளிம்பில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் அதன் இடத்துக்கேற்பச் சாய்த்தால் போதும். விசிறியின் கம்பிகளைப் போல எழுத்துகளின் தலைகள் விலகும், அடிகள் நெருங்கும். ஒரே அச்சில் வெட்டிய எழுத்தை எங்கும் பயன்படுத்தலாம் என்பதால் வேலையும் எளிது, செலவும் குறைவு.

தூண் வளைவு அப்படிப்பட்டதன்று. இங்கே எந்த எழுத்தும் சாய்வதில்லை. ஒவ்வொன்றும் தூணைப் போலச் செங்குத்தாக நிற்கிறது. வளைவு எழுத்தின் உடலுக்குள்ளேயே வெட்டப்படுகிறது. இடப்பக்கத்து எழுத்துகளின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் நடுவை நோக்கி ஏறும்; வலப்பக்கத்தவை நடுவிலிருந்து இறங்கும். புணர்ச்சியில் ஈற்றெழுத்து அண்டைச் சொல்லுக்கேற்பத் திரிவது போல, இங்கே எழுத்து தன் இடத்துக்கேற்பத் திரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். ஐஸ் ஹாக்கியில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி, வீரர் பெயர்களைத் தூண் வளைவில் பொறிப்பதற்குப் பெயர் பெற்றது. அவ்வணியில் 2002 முதல் 2018 வரை ஆடிய ஹென்ரிக் செட்டர்பெர்க்கின் பெயர் ஆங்கிலத்தில் பத்து எழுத்து. அதில் 'ஈ' என்ற எழுத்து மூன்று முறை வருகிறது: இரண்டாம், ஐந்தாம், எட்டாம் இடங்களில். முதல் 'ஈ' ஏறுகிறது, நடு 'ஈ' ஏறக்குறையச் சமநிலையில் நிற்கிறது, மூன்றாம் 'ஈ' இறங்குகிறது. மூன்றும் ஒரே எழுத்துதான்; ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. நான்கெழுத்துப் பெயர்க்காரர் ஒருவருக்கு வெட்டிய 'ஈ'யும் இவருக்கு உதவாது. அந்தச் சட்டை அவர் ஒருவருக்காகவே வெட்டப்பட்டது என்பதை எழுத்தே சொல்கிறது.

இனி வழக்கின் கதைக்கு வருவோம். முதுகில் முதலில் ஏறியது பெயரன்று, எண். 1929இல் நியூயார்க் யாங்கீஸ் அணி எண்களை நிலையாக அணியத் தொடங்கியபோது, பந்தை அடிக்க வரும் வரிசையே எண்ணாயிற்று. மூன்றாவதாக வந்த பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக வந்த லூ கெரிக்குக்கு 4. பெயருக்கு மேலும் முப்பதாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1960இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் உரிமையாளர் பில் வெக், தொலைக்காட்சியில் பார்ப்போர் ஆட்டக்காரரை அறிந்துகொள்ளட்டும் என்று முதுகில் பெயரைப் பொறித்தார். அவ்வாண்டே டெட் க்ளுசெவ்ஸ்கி என்பவரின் சட்டையில் ஓர் எழுத்து தலைமாறியும், ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்து அமர்ந்தும் வந்தன. பெயர் முதுகேறிய முதல் ஆண்டிலேயே எழுத்துப் பிழையும் உடன் ஏறிவிட்டது.

எல்லா உரிமையாளர்களும் இதை வரவேற்கவில்லை. வட அமெரிக்க ஹாக்கி லீக் 1977ஆம் ஆண்டுப் பருவத்தில் முதுகுப் பெயரைக் கட்டாயமாக்கியபோது, டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் உரிமையாளர் ஹெரால்ட் பல்லார்ட் மறுத்தார். சட்டையிலேயே பெயர் இருந்தால் அரங்கில் விற்கும் ஆட்டநிரல் புத்தகத்தை யார் வாங்குவார் என்பது அவர் வாதம். அபராத எச்சரிக்கை வந்த பிறகு, 1978 பிப்ரவரியில், நீலச் சட்டையில் அதே நீல நிறத்தில் பெயர்களைத் தைத்து அணியைக் களத்துக்கு அனுப்பினார். விதி நிறைவேறியது, பெயரை எவராலும் படிக்க முடியவில்லை. பின்னர் அவரும் இறங்கிவர நேர்ந்தது.

நகைப்புக்குரிய இச்செய்தியில் கூர்ந்து நோக்கத்தக்க ஒன்று இருக்கிறது. உழைப்பவனின் பெயர் உழைப்பவனுக்கு உரியதா, அவனை அமர்த்தியவர் விற்கும் பண்டமா? பெயரை மறைப்பதில் அன்று ஆதாயம் இருந்தது. இன்று பெயர் பொறித்த சட்டைகளை ரசிகர்களுக்கு விற்பதில் ஆதாயம் இருக்கிறது. யாங்கீஸ் அணி மட்டும் தன் ஆட்டச் சட்டைகளில் இன்றுவரை முதுகில் பெயர் பொறிப்பதில்லை; அணியே பெரிது, ஆள் அன்று என்ற கொள்கையின் அடையாளமாக அது பேசப்படுகிறது. அங்கே ஆளுக்கு எண் போதும்.

ஆட்டக்காரர்களோ பெயரை எளிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதை 2024ஆம் ஆண்டு காட்டியது. நைக்கி வடிவமைத்து ஃபனாட்டிக்ஸ் தயாரித்த புதிய பேஸ்பால் சட்டைகளில் முதுகுப் பெயர்கள் சிறுத்துப்போயின. துணி இலேசானது, வியர்வையை விரைவில் உலர்த்துவது என்ற விளக்கங்கள் எடுபடவில்லை; மலிவான சட்டைபோல் இருக்கிறது என்ற மனக்குறை எழுந்தது. ஆட்டக்காரர் சங்கம் தலையிட்டது. 2025இல் எழுத்துகள் பழைய அளவுக்குத் திரும்பின. இந்தச் சிறு வேறுபாட்டுக்கு இத்தனை ஆரவாரமா என்று கேட்கலாம். தன் பெயர் சிறுப்பதைக் கண்டு வாளாவிருப்பவர் எவர்?

எழுத்து வளைவதில் ஒரு மரியாதை இருக்கிறது என்று நாம் கருதுவது இதனால்தான். விசிறி வளைவில் பெயர் ஆயத்த எழுத்துகளின் கோவை. தூண் வளைவிலோ, அந்தப் பெயரை முழுதாகப் படித்து, அதன் நீளத்தை அளந்து, ஒவ்வோர் எழுத்தும் எங்கே நிற்கும் என்று கணக்கிட்ட பின்னரே கத்தரி துணியைத் தொட முடியும். இன்று கணினி அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறது. ஆனாலும் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் முதல் எழுத்தைக்கூட வெட்ட இயலாது என்ற நிலை மாறவில்லை.