பழைய மனையும் புதிய மண்டபமும்

தொன்மையான பண்பாட்டு நிலையமொன்றுடன் புதிய பகுதியொன்றை இணைக்க முற்படுகையில் எழும் வினா, அழகு பற்றியது மட்டுமன்று. எவருடைய வரலாற்றுக்கு அங்கு இடமுண்டு என்பதும் அதனுள் அடங்கும். கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் கொண்டு இதனை ஆராய்வோம்.

பழையது என்றும் மாறாதிருந்தது என்னும் எண்ணம் முதலிற் களையப்படல் வேண்டும். தலதா மாளிகையின் அடையாளமாக இன்று விளங்கும் எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவ பிற்காலச் சேர்க்கையேயாகும். கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் (1798–1815) காலத்தில் தேவேந்திர மூலாச்சாரி அதனை அமைத்தான். பின்னாளில் அது ஏட்டுச்சுவடிகளைப் பேணும் நூலகமாயிற்று. 1988 இல் கண்டி உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றபோது, இச்சேர்க்கையும் அம்மரபுரிமையின் கூறாகவே விளங்கிற்று.

எனினும், எல்லாச் சேர்க்கைகளும் தக்கன எனக் கொள்ளலாகாது. புதிய பகுதி பழையதன் சிறப்பையும் சூழலின் சமநிலையையும் குலைத்தலாகாது. தன் காலத்தின் முத்திரையை மறைத்தலுமாகாது. 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் வகுத்த நெறிகளின் சாரம் இதுவே.

இந்நெறிகளை ஹந்தானைத் தேயிலை நூதனசாலையிற் பொருத்திப் பார்க்கலாம். 1925 இல் எழுந்த அந்நான்கு மாடித் தொழிற்சாலை, நெடுங்காலம் கைவிடப்பட்டுக் கிடந்து, 2001 இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. கொழுந்தை மேன்மாடிகளிற் பரப்பி வாட்டுவதற்குக் காற்று வேண்டும். வரிசை வரிசையான சன்னல்கள் அதன் பொருட்டு அமைந்தவை. வாடிய கொழுந்து கீழிறங்கி அரைபட்டு, நொதித்து, உலர்ந்து தேயிலையாயிற்று. அச்சன்னல்களை மறைத்தெழும் புதுமண்டபம் எத்துணை எழிலுடையதாயினும், கட்டடத்தின் பொருளையே மறைத்துவிடும். எனவே புதியது தாழ்ந்தும் விலகியும் நிற்றலே முறை.

அதனுள் எதனை வைப்பது? நூதனசாலையில் முன்னிற்பவை இயந்திரங்களும், 1867 இல் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களுமாகும். ஆனால் கலஹா, தெல்தோட்டை வழியாக லூல்கந்துரைக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் காடழித்து, கன்று நட்டு, கொழுந்தெடுத்தோர் பலர். மன்னாரிலிருந்து மாத்தளை வரை கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் வழித்தோன்றல்களுமே அவர்கள். கம்பளைப் பகுதியிற் பழைய லயமொன்று 2007 இல் தொழிலாளர் நூதனசாலையாக்கப்பட்டமை இக்குறையை ஓரளவு நீக்கியது. ஆயினும் துரைமாரின் வரலாறு ஓரிடத்தும், தொழிலாளரின் வரலாறு வேறோரிடத்தும் தனித்து நிற்பின், இரண்டும் குறையுடையனவே.

ஆகவே ஹந்தானையில் என்றேனும் புதிய பகுதியொன்று எழுமாயின், அது பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக் காம்பிராவை அளவுகோலாகக் கொள்ளட்டும். நான்கு மாடித் தொழிற்சாலையின் அருகே அச்சிற்றறையின் அளவைக் காண்பவர், தேயிலையின் வரலாற்றை முழுமையாக உணர்வர். பழையது சொல்லாது விட்டதைச் சொல்லுதலே புதியதன் கடமை.